பெயர் சுட்டா அந்தரங்கம்

ஒருவன் தன் உள்ளத்தே நெடுங்காலம் மறைத்துவைத்த ஒன்றை வெளியிட விரும்புகின்றான். ஆயின், வெளியிட்டவன் தானே என்பது பிறர்க்குப் புலப்படலாகாது என்றும் விரும்புகின்றான். ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றும் இவ்விரு விருப்பங்களையும் ஒருங்கே நிறைவேற்றுதற்கு மக்கட் சமுதாயம் காலந்தோறும் பல வாயில்களை வகுத்துள்ளது. அவற்றுள் ஒன்று அண்மைக் காலத்திற் கலைவடிவம் பெற்று, பல நாட்டாரும் பங்குகொள்ளும் பெருந்தொகையாக வளர்ந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2004ஆம் ஆண்டு தோன்றிய ‘போஸ்ட்சீக்ரெட்’ என்னும் தபாலட்டைத் தொகையே அது. அதன் இயல்பினையும், குணங் குற்றங்களையும், அது படிப்போர்மீது சுமத்தும் பொறுப்பினையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அதன் வரலாற்றைச் சுருங்க நோக்குவாம். மேரிலன்ட் மாநிலத்து ஜேர்மன்டவுன் என்னும் ஊரினரான பிராங்க் வாரன் ஓவியக் கல்வி பெற்றவரல்லர்; சிறு வணிகம் ஒன்றை நடத்தி வந்தவர். 2004ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் 3,000 தபாலட்டைகளை அச்சிட்டார். ஒரு பக்கத்தில் அவரது முகவரி இருந்தது. மறுபக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. வாஷிங்டன் நகரில் முன்பின் அறியாதாரிடம் அவற்றை நீட்டி, அவரவர் அந்தரங்கம் ஒன்றை எழுதிப் பெயரின்றி அனுப்புமாறு வேண்டினார். அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டே. கூறுவது உண்மையாதல் வேண்டும். அதற்குமுன் எவரிடமும் கூறப்படாததாதல் வேண்டும். வந்த அட்டைகள் ‘ஆர்ட்டோமாற்றிக்’ என்னும் கலைக்காட்சியில் வைக்கப்பெற்றன. காட்சி முடிந்தபின் அவர் அட்டை வழங்குவதை நிறுத்தினார். ஆயினும் அட்டைகள் வருவது நிற்கவில்லை. மக்கள் தாமே அட்டை செய்து, படம் ஒட்டி, முத்திரை வாங்கி அனுப்பலாயினர். 2005ஆம் ஆண்டு ஜனவரி முதலாக, வந்தவற்றுட் சிலவற்றைத் தெரிந்து ஞாயிறுதோறும் இணையத்தளத்தில் வெளியிடலானார். அவ்வாண்டிலேயே முதல் நூலும் வெளிவந்தது. பிற நூல்களும் தொடர்ந்தன. இதுகாறும் வந்த அட்டைகள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டன. 2015ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய தபால் நூதனசாலையும் இவ்வட்டைகளைக் காட்சிக்கு வைத்தது.

இனி, இவற்றைக் கலை என்று கொள்ளுதல் தகுமோ என்னும் வினா எழும். அந்தரங்கத்தைக் கூறுதல்மட்டும் கலையாகாது. புகைவண்டியிற் பக்கத்திலிருக்கும் அந்நியனிடம் தன் குடும்பத் துன்பத்தைக் கூறி, தரிப்பிடத்தில் இறங்கிச் செல்வோனும் பெயர் கூறாது அந்தரங்கம் கூறியவனே. தபாலட்டையோ அவ்வாறு சிந்திய பேச்சு அன்று. அஃது ஒரு வடிவம். அதன் பரப்புச் சிறிது. ஆதலின், எழுதுவோன் பல்லாண்டுத் துயரை ஒன்றிரண்டு வாக்கியத்துள் அடக்கவேண்டியவனாகின்றான். எதைக் கூறுவது, எதை விடுப்பது, எப்படத்தை அருகில் ஒட்டுவது என்று அவன் ஆராய்கின்றான். அவ்வாராய்ச்சியே கலைத்தொழிலின் தொடக்கம் என்க. இத்தொகையில் நன்கறியப்பட்டதோர் உருப்படி அட்டையே அன்று. கோப்பிக் கடையின் கடதாசிக் குவளை. மரியாதையின்றி நடக்கும் வாடிக்கையாளர்க்குக் கபேன் நீக்கிய கோப்பியைத் தான் கொடுத்துவிடுவதாக அதன்மேற் கடை ஊழியர் ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார். கூறப்படும் பொருளும் கூறுதற்குக் கருவியாகிய பொருளும் ஒன்றாய் அமைந்தமையாலேயே அச்சிறு குறும்பு நம் நினைவில் நிற்கின்றது.

பிறிதொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. தபால் வகைகளுள் ஒளிவு சிறிதும் அற்றது தபாலட்டையே. உறையிலிட்டு ஒட்டிய கடிதம் மறைவானது. அட்டையையோ தபாற்காரனும் படிக்கலாம். எவரிடமும் கூறாத ஒன்றை எவரும் படிக்கத்தக்க ஒன்றிலெழுதித் தெருவோரப் பெட்டியில் இடும்பொழுது, எழுதியவன் மனத்தில் அச்சமும் விடுதலையும் ஒருங்கே எழுகின்றன. வாரன் தபாலட்டையைத் தெரிந்தது எளிமை கருதியே ஆகலாம். எனினும் அத்தெரிவே இக்கலையின் உயிராயிற்று.

அடுத்து எழுவது உண்மை பற்றிய ஐயம். பெயரில்லாதவன் கூறுவதை எவ்வாறு சரிபார்ப்பது? 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் தேதிக்கு முன் தன்னை அறிந்தோரெல்லாம் தான் இறந்துவிட்டதாகவே நம்புகின்றனர் என்னும் பொருள்பட, எரியும் கோபுரங்களின் படத்தின்மேல் எழுதப்பட்ட அட்டையொன்று உண்டு. அதனைப் படித்தோர் நெஞ்சு துணுக்குறாதிருத்தல் அரிது. அஃது உண்மையோ, கற்பனையோ எவரும் அறியார். 2013ஆம் ஆண்டில், கொலையொன்றை ஒப்புக்கொள்வதுபோலச் சிகாகோ நகரப் பூங்காவொன்றின் படத்தோடு ஓர் அறிக்கை வெளியாயிற்று. பொலிசார் அவ்விடத்தைத் தேடியும் யாதுங் காணவில்லை. எனவே, இத்தொகையை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் இடர்ப்படுவர். உண்மை கூறுக என்னும் வாரனது நிபந்தனை, கேட்கத்தக்கதேயன்றிக் காக்கத்தக்கது அன்று.

பெயர் கூறாமையின் பயனைத் தமிழிலக்கணம் அறிந்தோர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. அகத்திணைக்கண் தலைமக்களை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் சுட்டப்படின் அது புறமாகிவிடும். நெடுநல்வாடை பிரிவுத்துயர் கூறுவதாயினும், வேம்பாகிய பாண்டியரின் அடையாளப்பூ அதன்கண் வந்துவிட்டமையால் அதனைப் புறமென்று கொண்டார் நச்சினார்க்கினியர். ஓர் இலை தலைவனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. இவ்விதியின் நுட்பம் யாதெனில், பெயர் நீங்கியவிடத்து ஒருவன் துன்பம் யாவர்க்கும் பொதுவாகின்றது என்பதே. ‘இன்னான் வருந்தினான்’ என்னின் அது செய்தி. ‘ஒருவன் வருந்தினான்’ என்னின், படிப்போன் அவ்வொருவனிடத்தில் தன்னை வைத்துப் பார்க்கின்றான். தபாலட்டைகளின் ஆற்றலும் இதுவே. அமெரிக்கப் பெண்ணொருத்தி பெயரின்றி எழுதிய குற்றவுணர்வை வேறோர் நாட்டில் வாழ்வோன் தன்னுடையதாக உணர்வது இதனாலாகும்.

ஆயின், ஒற்றுமை கண்டவிடத்து வேற்றுமையையும் காணுதல் திறனாய்வாளன் கடன். அகப்பாட்டிற் பெயரற்றவர் தலைவனும் தலைவியுமே. பாடிய புலவர்க்குப் பெயருண்டு. அவர்தம் துயர் புலவன் புனைந்த துயர். அதனாற் புலவன் நாணுதற்கு இடமில்லை. தபாலட்டையிலோ பாடினோனும் பாட்டுடையோனும் ஒருவனே, அவன் பெயரற்றவன். நூலின் முகப்பில் பொறிக்கப்படும் பெயரோ தொகுத்தோனுடையது. அந்தரங்கம் பலருடையது, புகழ் ஒருவருடையது. இதனைக் குறையெனக் கூறுவாருமுளர்.

இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளவும் கூடாது. முற்றாக ஏற்கவும் கூடாது. தொகுத்தலின் பெருமையைத் தமிழர் நன்கறிவர். குறுந்தொகையைத் தொகுத்தான் பூரிக்கோ என்றும், அகநானூற்றைத் தொகுத்தான் உருத்திரசன்மன், தொகுப்பித்தான் உக்கிரப்பெருவழுதி என்றும் நம் முன்னோர் பெயர் குறித்து வைத்தனர். தொகுப்பவன் வெறுங் கணக்கனல்லன். வந்தவற்றுட் பெரும்பாலனவற்றை விடுத்துச் சிலவற்றைக் கொள்பவன் அவன். நகைப்பூட்டும் அட்டைக்கு அருகே தாயை இழந்தவரது அட்டையை வைப்பவன் அவன். ஒன்றன் பொருள் மற்றொன்றன் அண்மையால் மாறுகின்றது. எனவே வாரனது நூல்களில் ஆசிரியத் தொழில் உண்டு என்பது துணிபு. ஆயின், நம் தொகை நூல்களிற் பெரும்பாலான பாட்டுகளின் அடியிற் பாடினார் பெயர் குறித்தல் இயன்றது. இங்கே அஃது இயலாது. பாடினோர்க்குரிய புகழைக் கொடுக்கவியலாத தொகுப்போன், அவர்க்கு வேறொன்று கொடுக்கக் கடமைப்பட்டவனாகின்றான். அது காவல். அட்டை அனுப்பியவனை இழிவுபடுத்தாமலும், பிறரை வசைபாடுதற்குத் தன் தொகை கருவியாகாமலும் காத்தலே அவன் கொடுக்கும் ஊதியம்.

அக்காவல் எத்துணை இன்றியமையாதது என்பதை 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் வாரன் கைத்தொலைபேசிக்குரிய செயலி ஒன்றை வெளியிட்டார். அதன்வழி எவரும் எக்கணமும் தம் அந்தரங்கத்தைப் படத்தோடு பதிவுசெய்யக் கூடியதாயிற்று. அந்தரங்கங்கள் பெருவெள்ளமாக வந்தன. அவற்றோடு ஆபாசமும் அச்சுறுத்தலும் வசையும் வந்தன. அவற்றைக் களைய இயலாமையால் அவ்வாண்டின் முடிவிற் செயலி மூடப்பட்டது. பெயர் கூறாமை இரண்டிடத்தும் ஒன்றே. அட்டையில் அது பணிவைத் தந்தது. செயலியில் அது துணிச்சலைத் தந்தது. வேறுபாடு எதன்கண் உளது? அட்டை செய்தற்குக் கத்தரிக்கோலும் பசையும் பொறுமையும் வேண்டும். தபாற்பெட்டிவரை நடத்தல் வேண்டும். அனுப்பியது வெளிவருமோ என்று காத்திருத்தல் வேண்டும். இடையில் ஒருவர் அதனைக் கையிலெடுத்துப் படிப்பார் என்னும் நினைவு எழுதுவோனை நெறிப்படுத்துகின்றது. கைத்தொழிலும் காத்திருத்தலும் காப்போனும் நீங்கியவிடத்து, பெயரின்மை அந்தரங்கத்துக்குப் போர்வையாகாமல் வன்சொல்லுக்கு முகமூடியாயிற்று.

முகமூடியின் தீமைக்குப் பழைய சான்றும் உண்டு. வெனிஸ் குடியரசின் கோமகன் மாளிகைச் சுவர்களிற் சிங்கவாய் எனப்பட்ட துளைகள் இருந்தன. குடிமக்கள் பிறர்மீது கூறும் குற்றச்சாட்டுகளை அவற்றினுள் இட்டனர். அதுவும் கடதாசித் துண்டே, அதுவும் பொதுச்சுவரே. ஆயின் உள்ளே விழுந்தவை தன் குற்றமல்ல, அயலான் குற்றம். தன் நெஞ்சைத் திறப்பதற்கும் கோள் சொல்வதற்கும் இடையேயுள்ள தூரம் பெரிது. இவ்வகைக் கலைக்கு முதல் விதி, கூறப்படுவது கூறுவோனுடைய அந்தரங்கமே ஆதல்வேண்டும் என்பதாம்.

வாரனுக்கு முன்னும் பின்னும் இத்துறையில் முயன்ற இருவரை ஒப்பிடுவது பயன்தரும். 1980ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் அலன் பிரிட்ஜ் என்னும் ஓவியர், தீங்கிழைத்தோர் பெயர் கூறாது மன்னிப்புக் கேட்கலாம் என்று விளம்பரம் ஒட்டித் தொலைபேசி இணைப்பு ஒன்றை அமைத்தார். அழைத்தோர் குரல் ஒலிநாடாவிற் பதிவாயிற்று. பின்னர் அழைத்தோர் முன்னவர் கூறியதைக் கேட்கவும், அதற்கு மறுமொழி கூறவும் வழி செய்யப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அவர் விபத்தில் இறக்கும்வரை அது நடைபெற்றது. இதன் சிறப்பு, பேசுவோனுக்கு மறுமொழி கிடைத்தமை. மற்றையவர் பிரெஞ்சுக் கலைஞர் சோபி கால். 2017ஆம் ஆண்டில் புரூக்ளின் கிறீன்வூட் கல்லறையில் அவர் ஒரு சலவைக்கற்றூணை நாட்டினார். வருவோர் தம் அந்தரங்கத்தைத் தாளில் எழுதித் தூணின் பிளவினுள் இடுவர். எவரும் அதனைப் படிப்பதில்லை. நிரம்பியபோது எடுத்து எரிப்பர். 25 ஆண்டு நடைபெறுமாறு வகுக்கப்பட்ட பணி இது. இங்கே காவல் முழுமையானது; ஆயின் கேட்போன் இல்லை. பிரிட்ஜ் கேட்போனைத் தந்தார். கால் காவலைத் தந்தார். வாரன் இரண்டற்கும் இடையே நின்று காட்சியைத் தந்தார்.

காட்சியாற் பயன்பெறுவோர் யார்? எழுதியவர் என்பதே பலரும் கூறும் விடை. ஆயின் உளநூலாரின் ஆய்வு நம்மைச் சற்றே நிறுத்துகின்றது. ஜேம்ஸ் பெனிபேக்கரும் சாண்டிரா பீலும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், பல்கலைக்கழக மாணவர் சிலர் நான்கு நாள் தொடர்ந்து, நாளொன்றுக்கு 15 நிமிடம், தம் வாழ்விற் பெருந்துயர் தந்த நிகழ்ச்சியை எழுதினர். நிகழ்ச்சியையும் அதன்கண் தாம் கொண்ட உணர்ச்சியையும் சேர்த்தெழுதியோர் எழுதிய அன்று மனக்கலக்கமே உற்றனர். எனினும் பின்வந்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்குச் செல்வது அவரிடைக் குறைந்து காணப்பட்டது. பிற்காலத்து ஆய்வுகள் இப்பயன் சிறிதென்றும் எல்லார்க்கும் ஒத்ததன்றென்றும் காட்டியுள. நாம் கொள்ளவேண்டியது யாதெனில், அம்மாணவர் எழுத்து எந்தச் சுவரிலும் தொங்கவிடப்படவில்லை என்பதே. எழுதுதலாற் பெறும் ஆறுதலுக்குக் காட்சி வேண்டற்பாலதன்று. எனவே காட்சியின் பெரும்பயன் எழுதினோனைச் சார்ந்ததன்று, படிப்போனைச் சார்ந்தது. ‘இத்துன்பம் எனக்கு மட்டும் உரியதன்று’ என்று சுவரின்முன் நிற்பவன் ஒருவன் உணர்கின்றானே, அவன்பொருட்டே இக்கலை நிலவுகின்றது.

அவ்வாறாயின் எழுதியவன் கதி யாது? அட்டை சுவரிலேறிற்று; பல்லாயிரவர் பார்த்தனர்; அவனோ தன் அறையிற் பழையபடி தனித்திருக்கின்றான். வாரன் இதனை உணராதவரல்லர். தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவையிற் தாமே தொண்டராயிருந்தவர் அவர். தம் இணையத்தளத்தில் அத்தகைய சேவைக்கு இடமளித்தார். படிப்போரிடம் அதற்கு நிதியும் திரட்டினார். இச்செயல் கலைக்குப் புறம்பான அறச்செயல் என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதுகிலேம். அவ்விணைப்பு இன்றேல் இத்தொகை பிறர் புண்ணைப் பார்த்து மகிழும் காட்சிச்சாலையாகிவிடும். அஃது இருத்தலாலேயே அட்டைக்கும் மனிதக் குரலுக்கும் இடையே ஒரு வழி திறந்துள்ளது.

இவ்வழியின் இயல்பை விளக்க மீண்டும் அகப்பொருளின்பாற் செல்லுதல் வேண்டும். களவொழுக்கம் மறைவானது, ஆயின் மறைவாகவே முடிதற்குரியதன்று. தலைவி மெலிகின்றாள், தாயர் காரணம் அறியாது வெறியாட்டு எடுக்கின்றனர். அந்நிலையில் உண்மை வெளிப்பட்டே தீரவேண்டும். அதனை அறத்தொடு நிற்றல் என்றனர் முன்னோர். அதன் வகை ஏழென்றார் தொல்காப்பியர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் என முறையே அந்தரங்கம் கைமாறுகின்றது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலியிடம் இவ்வாறு கூறியதேயாகும். ஈண்டுக் கவனிக்கத்தக்கது, அந்தரங்கம் ஊரார்க்கு அறைந்து கூறப்படவில்லை என்பதாம். ஊரார் வாயிற் பட்டால் அஃது அலர். உரியவர் செவியிற் பட்டால் அஃது அறம். ஒரே செய்தி, செல்லும் வாயிலால் பழியாகவும் பாதுகாப்பாகவும் மாறுகின்றது.

இவ்வளவைக் கொண்டு தபாலட்டைத் தொகையை மதிப்பிடின், அது அலருக்கும் அறத்தொடு நிற்றலுக்கும் இடைப்பட்டதோர் வாயில் என்பது போதரும். பெயர் நீங்கியமையால் அது அலராகவில்லை; உரிய செவி அருகில்லாமையால் அது அறத்தொடு நிற்றலும் ஆகவில்லை. ஓர் அட்டையைப் படித்தவன், அல்லது எழுதியவன், அதனால் துணிவுற்றுத் தன் தோழனிடமோ தாயிடமோ மருத்துவரிடமோ வாய்திறப்பானாயின் அக்கலை தன் தொழிலை முடித்தது. அட்டை எழுதியதோடு யாவும் முடிந்தது என்று அவன் அமைதி கொள்வானாயின், அது பசித்தவனுக்குக் காட்டிய அன்னத்தின் ஓவியமே. பெயரின்மை வீட்டின் வாயிற்படி; அதில் நிற்கலாம், வாழலாகாது.

இவ்வாராய்ச்சி கல்விக்கூடங்களுக்கும் தொடர்புடையது. பெயரின்றி மனக்குறை எழுதியிடும் பெட்டியும் சுவரும் மாணவரிடையே எளிதிற் பரவத்தக்கன, பொருட்செலவற்றன, பார்ப்போர் மனத்தைக் கவர்வன. ஆயின் அத்தகைய சுவரை அமைக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை கூறவேண்டும். எழுதப்படுவது எழுதுவோனுடையதேயாம் என்பதைப் பார்த்துக்கொள்வோர் யார்? சகமாணவனை இழித்துரைக்கும் தாளைச் சுவரேறாமற் காப்போர் யார்? ‘எனக்கு வாழ விருப்பமில்லை’ என்று ஒரு தாள் வருமாயின், அதனைப் படித்தபின் செய்யத்தக்கது யாது? முதலிரண்டு வினாக்களுக்கு விழிப்புள்ள ஆசிரியர் ஒருவர் போதும். மூன்றாவது வினாவே கடினமானது. ஏனெனில் பெயரற்ற தாளை எழுதிய மாணவனைத் தேடிச் செல்ல இயலாது. அவன் தானே வந்து கதவைத் தட்டத்தக்க ஓர் அறையும், அவ்வறையிற் கேட்டதைக் காக்கவல்ல ஓர் ஆளும் முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். அவை எங்குள என்பது அச்சுவரின்மேலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுமித்திரயோ போன்ற அமைப்புகள், துன்புற்றோர் கூறுவதை இரகசியமாகக் கேட்டலையே தொண்டாகக் கொண்டன. சுவரொன்று எழுப்புவோர் அத்தகைய தொண்டரின் முறையைக் கற்றபின் எழுப்புவாராக.

முடிவாக, இத்தொகையைப் பற்றி நாம் கூறத்தக்கது இது. பத்து இலட்சம் மக்கள் தம் அந்தரங்கத்தை அந்நியர் ஒருவருக்கு எழுதினர் என்பது வாரனது வெற்றியைக் காட்டுகின்றது. அவர்களுட் பலர்க்கு வீட்டில் ஒரு தோழி இல்லாமையையும் அது காட்டுகின்றது. முன்னதைப் பாராட்டுவோர் பின்னதை மறத்தலாகாது. பெயர் சுட்டாக் கலையின் தரத்தை அதில் தொங்கும் அட்டைகளின் எண்ணிக்கையால் அளத்தல் பொருந்தாது. அச்சுவரை விட்டு நீங்கியோருள் எத்துணைப் பேர் தம் பெயர் அறிந்த ஒருவரிடம் சென்று பேசினர் என்பதே அளவுகோல். அவ்வெண்ணிக்கையை எவரும் குறித்து வைப்பதில்லை. குறிக்கப்படாத அவ்வெண் பெருகுதற்குத் துணைநிற்றல், படிப்போராகிய நம் கடனாகும்.